பேட்டரிப் பலகை

எங்கள் கடைவீட்டு மாடியின் பின்கட்டில் ஆறு அடுப்புகள் இருந்தன. மழைக்காலம் வந்துவிட்டால் ஐந்து அடுப்பு புகையும், ஒன்று மட்டும் எரியும். எரிவது சிவகாமியின் அடுப்பு. ஒரு தீக்குச்சி கிழித்தால் போதும், பிடித்துக்கொள்ளும். மற்ற பெண்கள் நாங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவளை ஓரக்கண்ணால் பார்ப்போம். பொறாமைதான், வேறென்ன. அதில் எனக்கும் பங்கு உண்டு.

வீடு ரோவல் ரோட்டில் இருந்தது. கீழே சாக்குக் கடை. மேலே பலகை வைத்துத் தடுத்த ஆறு அறைகள். ஐந்தில் குடும்பங்கள், ஆறாவதில் நான். என் பெயர் ரத்தினம்மா. ஒண்டிக்கட்டை. இரண்டு தெரு தள்ளியிருந்த குழந்தை கிளினிக்கில் ஆயா வேலை. பிள்ளைகளைத் தராசில் கிடத்துவேன், தரை துடைப்பேன், நர்ஸ் மிஸ்ஸி மலாயில் சொல்வதைத் தமிழ்த் தாய்மார்களுக்குத் தமிழில் சொல்வேன். 'மிஸ்ஸியைக்கூடச் சமாளிச்சிடலாம், இந்த ஆயா வாயைச் சமாளிக்க முடியாது' என்று என் காதுபடவே பேசுவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமை என்ன செய்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

சிவகாமியின் முழுப்பெயர் சிவகாமசுந்தரி. கப்பலில் வந்து இறங்கியபோது வயது பத்தொன்பது. புருஷன் வடிவேலு, ஜாலான் புசாருக்குப் பின்னால் ஒரு சந்தில், தவுக்கே என்று நாங்கள் சொல்கிற சீன முதலாளி ஒருவரின் கடையில் பழைய பேட்டரி உடைக்கிறவன். நல்ல மனிதன். கோப்பிக்கடையில் உட்காரமாட்டான், கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். காலையில் பட்டாளத்து லாரிகளிலிருந்தும் டெலிபோன் ஆபீசிலிருந்தும் கழித்துப் போட்ட பேட்டரிகள் கடைக்கு வந்து குவியும். கோடாலியால் பெட்டியைப் பிளந்து, உள்ளே இருக்கும் திராவகத்தைச் சாக்கடையில் கவிழ்த்து, காரீயத் தகடுகளை உருவி, பெரிய இரும்புச் சட்டியில் போட்டு உருக்குவான். உருகியதைக் கரண்டியால் மொண்டு அச்சில் ஊற்றுவான். சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவமெல்லாம் சாம்பல் பூத்திருக்கும்.

அந்தக் காலத்துப் பேட்டரியில் மரம் இருந்தது. பெரிய பேட்டரிகளுக்குப் பெட்டியே மரம். சிறியவற்றில் தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ளங்கை அகலத்தில் மெல்லிய பலகை செருகியிருப்பார்கள். தவுக்கேக்கு வேண்டியது காரீயம். பலகையை யார் எடுத்துப் போனாலும் அவருக்குக் கவலையில்லை. வடிவேலு எடுத்து வந்தான். அப்படியே எரித்தால் திராவகம் பானையைத் தின்றுவிடும் என்று, அரிசி கழுவுவதுபோல மூன்று தண்ணீரில் கழுவி, கடைவீட்டு முன்னால் அஞ்சடி நடைபாதையில் வெயில் பார்த்துத் திருப்பித் திருப்பிக் காயவைத்து, கயிறு போட்டுக் கட்டித்தான் மாடிக்குக் கொண்டுவருவான். அவ்வளவு சுத்தம். அந்தப் பலகைக்கு எங்கள் தெருவில் பேரே உண்டு. பிள்ளை பெற்ற வீட்டில் தாய்க்கும் சிசுவுக்கும் முப்பது நாள் வெந்நீர் வேண்டுமல்லவா? சிவகாமி ஒரு கட்டு பலகை கொண்டுபோய்ப் பிள்ளை பெற்றவள் வாசலில் வைத்துவிட்டு வருவாள். மற்றவர்கள் துணி கொடுப்பார்கள், பால்மாவு கொடுப்பார்கள். அவள் கொடுப்பது விறகு.

ஐம்பத்தெட்டாம் வருஷக் கடைசி மழையில் அவள் எட்டு மாதக் கர்ப்பிணி. நான் ஈரச் சதுப்புமர விறகை ஊதி ஊதி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஒங்க பாக்காவ் விறகு தண்ணி குடிச்சிருக்கு. இதுல ரெண்டு சொருகுங்க" என்று நீட்டினாள்.

"வேணாம் புள்ள. ஒனக்கு நாளு நெருங்குது. குளிக்க எம்புட்டு சுடுதண்ணி வேணும் தெரியுமா?"

"எனக்குன்னே ரெண்டு மூட்டை காயவச்சு அடுக்கியிருக்காரு. இந்தத் தடவை ஒரு கொறையும் வைக்க மாட்டேன்னு சாமி முன்னால சொல்லியிருக்காரு."

வாங்கிச் செருகினேன். குப்பென்று பிடித்தது. கொஞ்சம் இனிப்பாக ஒரு வாடை வரும் அந்தப் புகையில். எனக்குப் பிடித்த வாடைதான்.

"வயிறு ஏண்டி இப்படிச் சின்னதா இருக்கு? எட்டு மாசம்னு சொன்னா யாரு நம்புவா?"

"நம்ப வேணாம்க்கா. நம்பினா கண்ணு வைப்பாங்க" என்று சிரித்தாள். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நாக்குதான் எப்பப் பாரு காசை வாயில போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு. சோறே எறங்கல" என்றாள்.

"மசக்கை சில பேருக்குக் கடைசி வரைக்கும் போகாது. நெத்திலிக் கருவாட்டைச் சுட்டு ரசத்தோட சாப்பிடு" என்றேன். வைத்தியம் சொல்ல எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தத் தடவை என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. முதல் கரு நான்காம் மாதத்தில் கலைந்தது. மாடிப்படியில் தண்ணீர் வாளி தூக்கினாள், அதனால்தான் என்றோம். இரண்டாவது ஏழாம் மாதத்தில் செத்தே பிறந்தது. ஆண் பிள்ளை. உடம்புச் சூடு என்றேன் நான். ஒரு கையகலத் துணியில் சுற்றி வடிவேலு எடுத்துப் போனதைப் பார்த்தவள் நான். திரும்பி வந்து அஞ்சடியில் உட்கார்ந்தவன், காய்ந்துகொண்டிருந்த பலகைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துக்கொண்டே இருந்தான். கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே மனிதனுக்கு.

பவளம் ஜனவரியில் பிறந்தாள். நாலு ராத்தல் எடை. அழுகை பூனைக்குட்டி சத்தம் போல வந்தது. பிரசவம் பார்க்க வந்த மிஸ்ஸி உதட்டைப் பிதுக்கினாள். சிவகாமிக்கு எதுவும் கண்ணில் படவில்லை. உயிரோடு இருக்கிறதே, அது போதும் அவளுக்கு.

"சின்னதா இருந்தா என்னக்கா? குளிப்பாட்டிக் குளிப்பாட்டி உருட்டி எடுத்துடுவேன் பாருங்க."

சொன்னபடி செய்தாள். முப்பது நாளோடு அவள் நிறுத்தவில்லை. தினமும் காலையில் பின்கட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து, காலை நீட்டி, பிள்ளையைக் கால்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவி, வெந்நீர் ஊற்றுவாள். குளிப்பாட்டி முடிந்ததும் அடுப்பிலிருந்து கங்குகளை எடுத்து மண்சட்டியில் போட்டுச் சாம்பிராணி தூவுவாள். பிள்ளையை அந்தப் புகைமேல் குப்புறப் பிடித்து ஒரு தடவை, மல்லாத்தி ஒரு தடவை காட்டுவாள். சளி சேராதாம். பிள்ளை இரண்டு தும்மல் போட்டுவிட்டுத் தூங்கிப்போகும்.

"இன்னும் ரெண்டு கங்கு போடு புள்ள. பொகை பத்தல" என்று சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான்.

பிள்ளை வளரவில்லை. கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு வைத்து, துணியால் மூடித்தான் கிளினிக்குக் கொண்டுவருவாள். யார் எட்டிப் பார்த்தாலும் முந்தானையை இழுத்துவிடுவாள். தராசில் கிடத்தும்போது மட்டும் துணியை எடுத்தாக வேண்டும். அந்த ஒரு நிமிஷம் வரிசையில் நிற்கிற எல்லாப் பெண்களுக்கும் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு மறைத்து நிற்பாள். நான்கு மாதத்தில் ஏழு ராத்தல்தான். அவளோடு ஒரே வாரத்தில் பெற்ற, அடுத்த அறைச் செல்லக்கண்ணுவின் பையன் பதினான்கு.

"பால் குடுக்கறியா, இல்ல தூங்கிடறியா?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி அதட்டினேன். அவள் தலை குனிந்துகொண்டாள். அன்றைக்கு மத்தியானமே தேக்கா பாசாருக்குப் போய், பால் ஊறும் என்று பால் சுறா வாங்கி வந்து புட்டு செய்து தின்றாள் என்று பிறகு தெரிந்தது.

மே மாதம் வெள்ளைக்கார டாக்டரம்மா கிளினிக்குக்கு வந்திருந்தாள். பிள்ளையைப் பார்த்ததைவிடத் தாயை அதிக நேரம் பார்த்தாள். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். வெற்றிலை போட்ட வாயைக் கொப்பளித்துவிட்டு வரச் சொல்லி, விரலால் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள். பல்லடியில் நீலமாக ஒரு கோடு ஓடியது. வெற்றிலைக் கறை என்றுதான் நானும் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

டாக்டரம்மா இங்கிலீஷில் கேட்பாள். எங்கள் நர்ஸ் ஓங் மிஸ்ஸி அதை மலாயில் என்னிடம் கேட்பாள். நான் சிவகாமியிடம் தமிழில் கேட்க வேண்டும்.

"புருஷனுக்கு என்ன வேலை?"

"பேட்டரிக் கடை" என்றேன். இதற்குச் சிவகாமியைக் கேட்க வேண்டுமா என்ன?

டாக்டரம்மாவின் முகம் மாறியது. மிஸ்ஸி திரும்பி, "கடையிலிருந்து ஏதாவது சாமான் வீட்டுக்குக் கொண்டுவருகிறானா? தகடு, காரீயத் துண்டு, எதுவானாலும்" என்று கேட்டாள்.

வாய் முந்திக்கொண்டது. "ஒன்றும் கொண்டுவருவதில்லை, யோக்கியன்" என்றேன் மலாயில். தவுக்கே சாமானைத் திருடுகிறானா என்று கேட்பதாக என் புத்திக்குப் பட்டது. விறகை யாராவது சாமான் என்று நினைப்பார்களா? சிவகாமி என் முகத்தையும் மிஸ்ஸி முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

ரத்தம் எடுத்துப் போனார்கள். காரீயம் தாயின் உடம்பில் ஏறியிருக்கிறது, வடிவேலுவின் துணி வழியாக வந்திருக்கும் என்றார்கள். வேலைத் துணியை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, கடையிலேயே குளித்துவிட்டு வர வேண்டும். நான் அதட்டிச் சொன்னேன், வடிவேலு அப்படியே கேட்டான். கடைக் குழாயில் சிவப்புச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி வருவான். கையில் பலகைக் கட்டு இருக்கும்.

ஆறு மாதம் அப்படிப் போயிற்று. பவளத்துக்குத் தலை நிற்கவே ஏழு மாதம் ஆயிற்று. உட்காரவைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவாள். பல் ஒன்றுகூட வரவில்லை. பிள்ளை தேறவில்லை என்று சிவகாமி வெந்நீரை அதிகமாக்கினாள், காலையோடு சாயங்காலமும் சாம்பிராணி போட்டாள். பாவி மகள், தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். வடிவேலுவுக்கு அடிக்கடி வயிற்றை முறுக்கி இழுக்கும். சுருண்டு படுத்து ஓமத்தண்ணி குடித்துவிட்டு எழுந்து போவான். சாயங்காலத் தேத்தண்ணிக் கோப்பை அவன் கையிலிருந்து நழுவ ஆரம்பித்திருந்தது.

நவம்பரில் மழை தொடங்கிய வாரம், பிள்ளை ஏன் வளரவில்லை என்று பார்க்க ஓங் மிஸ்ஸி வீட்டுக்கே வந்தாள். குடையை மடக்கிக்கொண்டு மாடி ஏறி, என் பின்னாலேயே பின்கட்டுக்கு வந்தாள். ஐந்து அடுப்பு புகைந்துகொண்டிருந்தது, ஒன்று எரிந்துகொண்டிருந்தது. சிவகாமி பிள்ளையைக் குளிப்பாட்டி முடித்து, கங்குச் சட்டிமேல் பிடித்திருந்தாள்.

"பாருங்க மிஸ்ஸி, எவ்வளவு சுத்தமா வச்சிருக்கா" என்றேன்.

மிஸ்ஸி அதைக் காதில் வாங்கவில்லை. அடுப்பங்கரையில் அடுக்கியிருந்த பலகையில் ஒன்றை எடுத்தாள். ஓரத்தில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினாள்.

"இது எங்கிருந்து வந்தது?"

நான் சொன்னேன்.

அவள் பலகையைக் கீழே போட்டாள். மிச்சமிருந்த குளிக்கிற வெந்நீர் அண்டாவை அப்படியே அடுப்பில் சாய்த்தாள். புஸ்ஸென்று சாம்பல் எழும்பியது. பிள்ளையைச் சிவகாமியின் கையிலிருந்து பறித்துக்கொண்டு முன்பக்கம் ஓடினாள். இரண்டு பெண்கள் "என்ன, என்ன" என்று எழுந்தார்கள். நாங்கள் முன்னறைக்குப் போனபோது அவள் ஜன்னலோரம் நின்று பிள்ளையின் முகத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள். திருஷ்டிப் பொட்டு பாதி அழிந்திருந்தது.

"அந்தப் பலகை முழுக்கக் காரீயம் ஊறியிருக்கிறது. எரித்தால் புகையில் வரும், சாம்பலில் வரும். மே மாதமே டாக்டர் கேட்டாரே, கடையிலிருந்து ஏதாவது வருகிறதா என்று. ஒன்றுமில்லை என்றாயே" என்றாள் என்னிடம்.

நாலு வருஷத்தில் சிவகாமிக்கு அந்த அளவுக்கு மலாய் வந்திருந்தது.

"அக்கா" என்றாள். "அன்னிக்கே கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒன்னும் வரலன்னு சொன்னேன்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மிஸ்ஸியிடமிருந்து பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, ஈரத் தலையை முந்தானையால் துவட்டத் தொடங்கினாள். ரொம்ப நேரம் துவட்டினாள்.

ஒரு வாரம் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினாள். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லையும் கேட்டு, ஒவ்வொரு சொல்லையும் சொன்னேன். காரீயம் பிள்ளைக்குப் பிறந்த பிறகு மட்டும் போகவில்லை, வயிற்றில் இருந்தபோதே தாயின் ரத்தம் வழியாகப் போயிருக்கலாம். அதனால்தான் எடை குறைந்து பிறந்திருக்கலாம்.

"அப்ப, முன்னாடி போனது ரெண்டும்?" என்று சிவகாமி கேட்டாள்.

அதுவும் இதனால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றாள் டாக்டரம்மா.

"இனிமே வளருமா?"

தெரியாது, பார்க்கலாம் என்றாள்.

வெளியே வந்ததும் சிவகாமி, "இருக்கலாம், பாக்கலாம். இம்புட்டுப் படிச்சவங்களுக்கே தெரியலன்னா நான் யாருகிட்டக்கா போயி கேப்பேன்?" என்றாள்.

வடிவேலுவுக்குச் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. அஞ்சடியில் அவன் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காரவைத்துச் சொன்னேன். சாக்கு மூட்டை ஏற்றுகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு மணிக்கட்டும் தொய்ந்து கிடந்தன.

"கழுவினேனேக்கா" என்றான்.

"நீ கழுவினய்யா. நான் பாக்கலியா?"

"மூணு தண்ணி. வேற எவனும் ஒரு தண்ணிகூடக் காட்ட மாட்டான். பிள்ளை குளிக்கிற அடுப்புன்னு நான் மூணு தண்ணி..." பிறகு கேட்டான். "அப்ப, அந்த ரெண்டையும் நாந்தான் கொன்னேனா?"

"அப்படிச் சொல்லாத. டாக்டரம்மாவே இருக்கலாம்னுதான் சொன்னாங்க."

"ஒங்களுக்கு என்ன தோணுது? பொய் சொல்லாம சொல்லுங்க."

நான் பொய் சொன்னேன். இல்லை என்றேன். அவன் நம்பவில்லை.

அன்றிலிருந்து கடையின் பின்பக்கத்திலேயே பாய் போட்டுக்கொண்டான். வேறு வேலை தேடு என்றால், இந்தக் கையை வைத்துக்கொண்டு எவன் வேலை கொடுப்பான் என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு மாடிக்கு வருவான். வாசல் படியைத் தாண்டி உள்ளே வரமாட்டான்.

"வாங்களேன், தொட்டுப் பாத்துட்டாவது போங்க" என்பாள் சிவகாமி.

"வேணாம் சிவாமி. இங்கேர்ந்தே தெரியுது" என்பான்.

சுகாதார இலாகா லாரி வந்து எங்கள் பின்கட்டிலிருந்த பலகையையும் சாம்பலையும் அள்ளிப்போனது. அடுப்புக் கல்லைக்கூட விடவில்லை. எல்லாம் முடிந்தது என்று நாங்கள் மூச்சுவிட்ட அன்று சாயங்காலம் சிவகாமி என் அறை வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் பவளம்.

"அக்கா, நான் நாலு வீட்டுக்குப் பலகை குடுத்திருக்கேன்" என்றாள்.

அதை நான் நினைக்கவே இல்லை.

"போயி திருப்பி வாங்கணும். நீங்களும் வாங்க. நீங்க கிளினிக்கு ஆளு, நீங்க சொன்னா கேப்பாங்க."

"நான் சொன்னா கேப்பாங்கன்னுதானே புள்ள இந்தக் கதி" என்றேன். அவள் படியிறங்கினாள். நான் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்பதே தப்பு. அதுவும் பிள்ளைபெற்ற வீட்டுக்குக் கொடுத்ததை, விளக்கு வைக்கிற நேரத்தில் போய்க் கேட்பதை யார் பொறுப்பார்கள்? முதல் வீட்டில், எல்லாம் எரித்துத் தீர்த்தாயிற்று என்றார்கள். அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டாவது வீட்டில் ஒரு பேச்சும் பேசாமல் எடுத்துக் கொடுத்தார்கள். மூன்றாவது செல்லக்கண்ணு. எங்கள் வீட்டில் இருந்தவள், தெரு முனைக்குக் குடிபோயிருந்தாள். அவள் பையன் இடுப்பிலிருந்து வழிகிற அளவுக்கு வளர்ந்திருந்தான்.

"எம் புள்ள இந்தப் பலகையில குளிச்சவன்தான். அவனுக்கு என்ன ஆச்சு? நல்லா தானே இருக்கான்" என்றாள். "ஒம் புள்ள தேறலன்னு அடுத்தவ புள்ளைக்குச் சாபம் குடுக்க வந்தியா?"

அந்தப் பேச்சைக் கேட்டு நானே திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். சிவகாமி அசையவில்லை. "நீ குளிப்பாட்டினது முப்பது நாளு. நான் வயித்துல சொமந்த காலத்துலேர்ந்து அந்தப் பொகையிலதான் நின்னேன். அடுத்தது வயித்துல வந்தா என்ன பண்ணுவ? குடுத்துடு செல்லக்கண்ணு" என்றாள். செல்லக்கண்ணு பலகையை எடுத்து மழையில் வீசினாள். நாங்கள் குனிந்து பொறுக்கிக் கட்டினோம்.

நாலாவது வீடு பதுருன்னிசாவுடையது. புருஷன் ரவூப் தேக்கா பக்கம் இஞ்சித் தேத்தண்ணி விற்கிறவர். கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து முதல் பிள்ளை, வயிற்றில் ஏழு மாதம். அந்த வீட்டுக்குத்தான் சிவகாமி ஆசையாக இரண்டு கட்டு அனுப்பியிருந்தாள். பதுருன்னிசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வயிறு சின்னதாகத்தான் இருந்தது. உள்ளேயிருந்து அந்த இனிப்பு வாடை வந்தது.

நான் சொன்னேன். காரீயம், புகை, டாக்டரம்மா, எல்லாம் சொன்னேன். அவள் புத்தியில் ஒன்றும் ஏறவில்லை.

"ரத்தினம்மாக்கா, இந்த மழையில வேற எந்த வெறகு எரியுது சொல்லுங்க. போன வருஷம் நீங்கதானே சொன்னீங்க, பேட்டரிப் பலகை மாதிரி வராதுன்னு?"

சொன்னேன்தான்.

"காய்ஞ்ச மரம்தானேக்கா. மரத்துல என்ன இருக்கப் போவுது? பேறு காலத்துக்குன்னு பத்திரமா எடுத்து வச்சிருக்கேன். கோவிச்சுக்காதீங்க, குடுக்க முடியாது" என்று கதவில் கை வைத்தாள்.

சிவகாமி முன்னே போனாள். பதினோரு மாதமாக வெயில்கூடப் படாமல் பிள்ளையை மூடி வைத்திருந்த துணியை அவிழ்த்தாள். நடுத்தெரு அது. எதிர் அஞ்சடியில் ஆட்கள் நின்றிருந்தார்கள், மாடி ஜன்னல்களில் பெண்கள் நின்றிருந்தார்கள். முந்தானையை எச்சில் தொட்டுப் பிள்ளையின் கன்னத்திலிருந்த திருஷ்டிப் பொட்டைத் துடைத்தெடுத்தாள்.

"பதுரு, இவ பொறந்த மாசம் தை. நீயே பாக்க வந்தியே, ஞாபகம் இருக்கா? இப்ப பதினோரு மாசம். ஒரு தடவை தூக்கிப் பாரு."

"குடுங்க" என்றாள் பதுருன்னிசா. தட்ட முடியாமல்தான் கேட்டாள். பதினோரு மாதப் பிள்ளையைத் தூக்க வேண்டுமே, தன் வயிற்றில் இடிபடாமல் வாங்க வேண்டுமே என்று காலைச் சற்று அகட்டி, முழங்கையை இறுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டினாள்.

சிவகாமி பிள்ளையை அந்தக் கைகளில் வைத்தாள். கனத்துக்காக இறுக்கி வைத்திருந்த கைகள், கனம் இல்லாததால் பிள்ளையோடு சேர்ந்து மேலே எழும்பிவிட்டன.

பவளம் பதுருன்னிசாவைப் பார்த்து வாய் திறந்து சிரித்தது. ஈறு மட்டும்தான் இருந்தது அந்தச் சிரிப்பில். பதுருன்னிசாவின் பார்வை பிள்ளையிலிருந்து தன் வயிற்றுக்கு இறங்கியது. "யா அல்லா" என்றாள், எங்களுக்குக் கேட்கிற அளவுக்குத்தான். பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு கட்டுகளைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள். ஒன்று பிரிக்காமல் இருந்தது. இன்னொன்றில் பாதிதான் மிச்சம்.

சிவகாமி பிரிந்திருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை எடுக்கக் குனிந்தவள், எடுக்காமல், வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு தண்ணியில கழுவினதுதான் பதுரு" என்றாள். "சுத்தமாத்தான் குடுத்தேன்."